எலெக்‌ஷன் முடியட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை கனடாவின் பிராம்ப்டனிலிருந்து முபாரக் கூப்பிட்டான். "மச்சான், இங்க எலெக்‌ஷன் வரப்போவுதுடா. சிவப்புக் கட்சியா, நீலக் கட்சியா? யாருக்குக் குத்துறதுன்னு நீதான் சொல்லணும்." குடியுரிமை வாங்கிய பிறகு அவன் போடப்போகும் முதல் ஓட்டு. யோசனை கேட்பதோ டெக்சாஸில், இர்விங்கில் உட்கார்ந்திருக்கும் என்னிடம். நான் எந்த நாட்டிலும் ஓட்டுப் போடாதவன். ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறேன், ஓட்டு இல்லை. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். ஆளுங்கட்சி மேல் ஜனங்களுக்கு எவ்வளவு சலிப்பு, ஆரஞ்சுக் கட்சி யாருடைய ஓட்டைப் பிரிக்கும் என்றெல்லாம். அடுப்படியிலிருந்து என் மனைவி வித்யா குரல் கொடுத்தாள்.

"அண்ணா, நீங்க பாட்டுக்குப் போய்ப் போட்டுட்டு வாங்க. இவரைக் கேட்டுட்டு நின்னா பூத்தையே மூடிடுவாங்க."

முபாரக் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வித்யா சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் அப்போது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருங்காய வாசனைக்கு எனக்கு எப்போதும் எங்கள் பழைய லாஸ் கொலினாஸ் ஆபீஸின் லஞ்ச் ரூம்தான் ஞாபகம் வரும். மைக்ரோவேவ் மேல் 'மீன் சூடு பண்ணாதீர்கள்' என்று ஒரு நோட்டீஸ் இருக்கும். முபாரக் ஒருவனுக்காகவே ஒட்டியது அது. நாங்கள் இருவரும் ஒரே டீம், ஒரே வரிசை. கிரீன் கார்டு வரிசையைச் சொல்கிறேன். வேலையை விட்டால் விசா போகும், விசா போனால் ஊருக்குப் போகவேண்டியதுதான். அதனால் மேனேஜர் எதைச் சொன்னாலும் "ஷ்யூர்" என்போம். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, போனில் கனடா நாடாளுமன்றக் கேள்வி நேரத்தைப் பார்ப்போம். அவ்வளவு பக்தியோடு அதைப் பார்த்தவர்கள் கனடாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

காரணம் இருந்தது. இரண்டு பேருக்கும் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி கிடைத்திருந்தது. எங்கள் ஆட்களிடம் 'சாஃப்ட் லேண்டிங்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை எல்லையைத் தாண்டிப் போய்ப் பதிவு பண்ணிவிட்டு, மறுபடி இங்கே வேலைக்கே திரும்பிவிடுவது. ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அங்கே வாழ்ந்தாக வேண்டும். ஆக, மூன்று வருஷம் வரை தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டு குடும்பமும் ஒரே வேனில் நயாகரா பக்கம் போனோம். "எப்போது குடிவருகிறீர்கள்?" என்று எல்லை அதிகாரி கேட்டார். வித்யா என் முகத்தைப் பார்த்தாள். "சீக்கிரமே" என்றேன். அவள் திருச்சியில் சொந்தமாக கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். கல்யாணமாகி இர்விங்குக்கு வந்தபின் வேலை செய்ய அனுமதியில்லை. கனடாவில் பரீட்சை எழுதினால் மறுபடி பல் பார்க்கலாம். திரும்பி வந்த வாரமே புத்தகங்களை வரவழைத்துவிட்டாள்.

முபாரக் இரண்டே மாதத்தில் காரை விற்றுவிட்டுக் கிளம்பினான். "எவன் வந்தா என்ன மச்சான், நமக்குச் சமைச்சா போடப்போறான்?" என்றான். நான் அரசியல் தெரிந்தவன் இல்லையா? மெஜாரிட்டி இல்லாத அரசு, எப்போது வேண்டுமானாலும் கவிழும். "எலெக்‌ஷன் முடியட்டும் வித்யா. வர்றவன் இமிக்ரேஷன்ல கை வைக்கிறானான்னு பாத்துட்டுக் கிளம்பலாம்." எலெக்‌ஷன் முடிந்தது. மறுபடியும் மெஜாரிட்டி இல்லை. "இதுவும் நிக்காது, பாத்துக்கலாம்" என்றேன்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "எந்தக் கட்சி ஜெயிச்சா நாம கெளம்புவோம்? அதை மட்டும் சொல்லிடுங்க. அந்தக் கட்சிக்காக கலிஃபோர்னியா லிவர்மோர் கோயிலுக்கே போய் வேண்டிக்கறேன்."

அப்படியொரு கட்சியே கிடையாது என்று இப்போது தெரிகிறது. எனக்குப் பயம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் நின்ற வரிசையை விட்டுவிட்டு, பனியில் போய் முதலிலிருந்து தொடங்கப் பயம். விசா கட்டிப்போட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி நிஜம். வித்யாவைக் கட்டிப்போட்டது விசா மட்டுமில்லை.

மூன்று வருஷம் தாண்டியது. பிறகு அந்தக் கனடா குடியேற்றக் கார்டும் காலாவதியானது. லஞ்ச் ரூம் இருந்த தளத்தை இப்போது வேறு யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டிலிருந்தே "ஷ்யூர்" சொல்கிறோம். வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. வித்யாவுக்கு இங்கேயும் வேலை செய்ய அனுமதி வந்தது. ஆனால் பல் டாக்டராக வேண்டுமென்றால் மறுபடி காலேஜ் போகவேண்டும். அந்தப் புத்தகங்களை அவளே யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். எப்போது கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் மகள் நிலாவுக்குப் பல் அடைக்கக் கூட்டிப்போனோம். ஃபார்மில் அம்மாவின் தொழில் என்று ஒரு கட்டம். முன்பெல்லாம் எங்கே கேட்டாலும் வித்யா 'டென்டிஸ்ட்' என்றுதான் எழுதுவாள். வேலை இல்லாவிட்டாலும் படிப்பு இருக்கிறதே என்பாள். அன்று 'ஹோம்மேக்கர்' என்று எழுதினாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.