காயலான் கடை வாள்பிடி

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தேன். நாள் முழுக்க ஃபிளேஞ்ச். வட்டமாக ஒரு இரும்பு, நடுவில் ஓர் ஓட்டை, சுற்றிலும் எட்டு ஓட்டை. ஒன்று முடிந்தால் அடுத்தது. கூட இருந்த ஜென்மங்கள் அதையே ஏதோ மகா கலை மாதிரி நினைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் ஃபிளேஞ்சைப் பற்றித்தான் பேசும். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வேலை நேரம் போக எனக்காக நான் செய்தது வாள்பிடி. விண்வெளிப் படங்களில் பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் நீண்டு வாளாகுமே, அதற்கான பிடி. கடையில் புதுச் சாமான் வாங்கிச் செய்வது கையாலாகாதவன் வேலை. நான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காயலான் கடையில்தான் பொறுக்குவேன். கப்பல் சாமானோடு வந்த பித்தளைக் குழாய், செத்துப்போன ஆம்ப்ளிஃபயரின் அலுமினியச் சிறகுகள், தண்ணீர் மீட்டரின் வளையம், ஏதோ கம்பெனி கண்ட்ரோல் பேனலில் எரிந்த சிவப்பு விளக்கின் மூடி. கடைக்காரர் பழவேற்காட்டு பாய். "இன்னாத்துக்கு நைனா இந்த குப்ப?" என்று கேட்பார். சொன்னால் மட்டும் புரிந்துவிடப்போகிறதா என்று பேசாமல் வந்துவிடுவேன்.

முதலாளி ஒருநாள் என் மிஷினில் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாபா, இது பட்டறையா, பொம்ம கடையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"பொம்ம இல்ல மொதலாளி. இதுவும் டூலுதான்" என்று கத்தினேன். பிசிறு எடுக்கிற பெஞ்சில் அரத்தோடு உட்கார்ந்திருந்தவள் மட்டும் சிரிக்காமல் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறவள். அவள் தலையாட்டியதால் எனக்கு என்ன பெருமை வந்துவிடப்போகிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வருஷம்தான் சினிமாக்காரன் வந்தான். எதிர்காலத்தில் நடக்கிற யுத்தக் கதையாம், செட்டுக்கு இரும்புச் சாமான் பொறுக்க பாய் கடைக்கு வந்திருந்தான். கடைக்குள் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள். சாமான் பொருத்திப் பார்க்க நான் கொண்டுபோயிருந்த வாள்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லா இருக்கு பாஸு. ஆனா புதுசா தெரியுது. மூணு தலைமுற சண்ட போட்ட மாதிரி ஒண்ணு வேணும். ஆயுத பூஜை லீவு முடிஞ்சு எடுத்துட்டு வாங்க. டைரக்டருக்குப் புடிச்சா எங்க டிபார்ட்மெண்ட்லயே சேந்துடுங்க" என்றான்.

ஃபிளேஞ்சிலிருந்து விடுதலை! இரண்டு மாசம் வேறு நினைப்பே இல்லை. அதே பிடியை உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி வைத்துப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றினேன். எண்ணெய்ப் புகையில் கறுக்க வைத்தேன். வாள்வெட்டு விழுந்த இடம் என்று அரத்தால் கீறினேன். கிழவன் கையில் தேய்ந்த மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் மழமழவென்று விட்டேன். கடைசியில் அதை என் டூல் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போனேனே, அங்கேதான் என் தலையெழுத்து மாறியது.

ஆயுத பூஜை அன்று காலையில் பட்டறைக்குப் போனால், கழுவிய மிஷின்கள், வாழைக்கன்று, பொரி, சாமி படம். படத்துக்கு முன்னால் ஸ்பேனருக்கும் வெர்னியருக்கும் நடுவில் என் வாள்பிடி, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. நெற்றி என்று எதை நினைத்தார்களோ, அங்கே சந்தனம், குங்குமம்.

"யாரு இத தொட்டது?"

பிசிறு பெஞ்சுக்காரி முன்னால் வந்தாள். "நான்தாண்ணே. ஒரே களிம்பா கெடந்துச்சி. அழுக்கு டூல சாமியாண்ட எப்டி வெக்கிறது? புளி போட்டுத் தேச்சேன்."

"டூலா? டூலுன்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு? அது பொம்ம! சினிமா பொம்ம! பொம்மைக்கு எவனாவது பொட்டு வெப்பானா? அறிவு கீதா உனுக்கு?"

முதலாளி, "அப்பாடா, அவன் வாயாலயே சொல்லிட்டான்" என்றார். கற்பூரம் காட்டும்வரை கூட நான் அங்கே நிற்கவில்லை.

லீவு முடிந்ததும் சென்னைக்கு ரயில் ஏறினேன். மண்ணெண்ணெய் விளக்குப் புகையைப் பிடித்து மறுபடி கறுப்பாக்கப் பார்த்ததில் கரி கையில்தான் ஒட்டியது. "எங்க பட்டறைல ஒரு மக்கு இருக்குங்க" என்று ஆரம்பித்து எல்லாப் பழியையும் அவள் தலையில் போட, வழி நெடுக வார்த்தைகளைத் தயார் செய்தேன்.

அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒரு குடோனில் இருந்தான். வாள்பிடியை ஒரு கையால் தூக்கி, "ஐயோ, இவ்ளோ வெயிட்டா? ஹீரோ ரெண்டு டேக்ல கை வலின்னுடுவாரு" என்று திருப்பிக் கொடுத்தான். அவன் பின்னால் ஃபைபரில் வார்த்த பிடிகள் குவியலாகக் கிடந்தன, எல்லாம் ஒரே கறுப்பு ஸ்ப்ரே. "வாளு கம்ப்யூட்டர்ல வந்துடும் பாஸு. புடிய எவன் பாக்கப்போறான்?" என்றான். பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மண்டுவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. பழசாகவே கொண்டுபோயிருந்தாலும் இதே கதிதான்.

மறுநாளிலிருந்து மறுபடி ஃபிளேஞ்ச். நீ தேய்த்ததால் அந்தச் சினிமா வேலை போகவில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாய் வரவில்லை. மற்றவர்களை மட்டமாகப் பேசும்போது மட்டும் அது நன்றாக வரும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நானே வீட்டில் உட்கார்ந்து புளி போட்டு வாள்பிடியைத் தேய்த்தேன். எல்லாருக்கும் முன்னால் போய், என் லேத்தின் மேல் எல்லா டூலுக்கும் முதலாக வைத்தேன். அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வெர்னியருக்கு வைத்தாள். சக் சாவிக்கு வைத்தாள். முதலாளியின் கால்குலேட்டருக்கு, மூலையில் கிடந்த துடைப்பத்துக்குக் கூட வைத்தாள். என் லேத்துக்கு வந்ததும் வாள்பிடியைத் தாண்டி விரல் போனது.

"இதுக்கு?" என்றேன்.

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. "அது பொம்மையாச்சேண்ணே. நீதான சொன்ன" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஆயில் கேனுக்குப் பொட்டு வைத்தாள்.