ரிஜெக்ட் பூஜ்யம்

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் அவருக்கு வைத்த பெயர் ‘ரிப்பீட் அக்கா’. வைத்தவன் பக்கத்து அறை டெக்னீஷியன். அவன் நாக்கு அழுகிப் போக!

இருபத்தொரு வருடம் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியைச் சுமந்து முதுகைத் தொலைத்தவர் அக்கா. படம் சரியாக வராவிட்டால் கணினியில் ‘ரிஜெக்ட்’ அழுத்தி, காரணத்தையும் எழுதிவிட்டுத்தான் மறுபடி எடுப்பார். ‘நெஞ்சை வைக்கும் பலகையின் பூட்டு பிடிக்கவில்லை. நோயாளி சாய்ந்ததும் இறங்குகிறது.’ எட்டு மாதமாக இதையே எழுதினார். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வந்தது தலைமை டாக்டரின் சுற்றறிக்கைதான். வீணாகும் படங்களைக் குறைக்க வேண்டுமாம். யாருக்கு எத்தனை ரிஜெக்ட் என்று சுவரில் ஒட்டுவார்களாம். மாதக் கடைசியில் அதிக ரிஜெக்டோடு முதலில் நிற்பவரை ரெக்கார்டு அறைக்கு மாற்றுவார்களாம். நன்றாயிருக்கிறது நியாயம்! பலகையை மாற்ற வக்கில்லை, ஆளை மாற்றக் கிளம்பிவிட்டார்கள்.

பக்கத்து அறையிலும் பலகை இதே லட்சணம்தான். ஆனால் அவன் ரிஜெக்ட் பட்டனைத் தொடவே மாட்டான். கெட்ட படத்தை அப்படியே அனுப்பிவிடுவான். படம் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு புதுச் சீட்டு எழுதுவார். புதுச் சீட்டுக்குப் புது நம்பர். கணக்கில் அது முதல் படம். அவன் பெயருக்கு நேரே எப்போதும் பூஜ்யம்.

நான் அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிறவன். மனசு கேட்காமல் ஒருநாள் சொன்னேன்: “அக்கா, நீங்களும் கண்டுக்காம விட்டா என்ன?”

“போடா! நானும் எழுதலைன்னா அந்தப் பலகை கெட்டதே யாருக்கும் தெரியாது.”

அந்த மாதம் ஒரு தாய், நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு வந்தாள். பிள்ளைக்கு இருமல். கையில் ஒரே தேதியிட்ட நான்கு சீட்டுகள். மூன்றுக்குப் பக்கத்து அறையில் படம் எடுத்தாயிற்று. அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

“மறைக்காம சொல்லுங்கம்மா. எம்பொண்ணுக்குப் பெரிய வியாதியா? இத்தனை தடவை எடுக்கறாங்களே!”

“ஐயோ, அதுக்காக இல்லம்மா. எங்க பலகை கெட்டுப்போச்சு.”

அக்கா கட்டுத்துணியால் பலகையை இறுக்கிக் கட்டினார். ஒரே படம்தான், பளிச்சென்று வந்தது. சீட்டுகளை வாங்கிக்கொண்டு நேரே தலைமை டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“ஐயா, இந்தக் குழந்தை மேல மூணு தடவை கதிர் வீணாப் பாய்ஞ்சிருக்கு. பட்டியல்ல ஒண்ணுகூட இல்ல.”

அவர் சீட்டுகளைத் தொடக்கூட இல்லை. “பக்கத்து அறைக்காரருக்குப் பூஜ்யம், உங்களுக்குப் பத்தொன்பது. யார் வேலை சரியில்லன்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, அக்கா ரெக்கார்டு அறைக்குப் போனார்.

அடுத்த மாதம் எங்கள் பிரிவில் ரிஜெக்ட் ஒன்றுகூட இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சுவரில் ஒட்டச் சொல்லி என்னிடம்தான் நீட்டினார்கள். வாங்கக் கை ஒழியவில்லை. ஒரு கிழவரை அன்றைக்கு ஐந்தாவது தடவையாக எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.