காலுக்குள் உறைந்த வெள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மார்கழிக் காலை. தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய கம்பில் ஒரு படகு மோட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் வகை. மேலே எஞ்சின். கீழே தண்ணீருக்குள் நிற்கும் நீண்ட கால். காலின் பாதத்துக்குள் பல்சக்கரங்கள், வெளியே விசிறி. "மிசினுக்குக் காலு வலி" என்று எனக்கு ஆளனுப்பியிருந்தார் அதன் சொந்தக்காரர், கொப்பரை முதலாளி. நான் அப்போது தக்கலையில் ஒரு பஸ் ஷெட்டில் வேலை பார்த்தேன்.

மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு அக்கரை. மோட்டார் படகில்தான் மாப்பிள்ளையைக் கொண்டுவருவேன் என்று இரண்டு கரையிலும் சொல்லியாகிவிட்டது. ஆறு கடலில் விழும் பொழிமுகம் மணல் மூடாமல் திறந்து கிடந்தது. நடு ஆற்றில் பல்சக்கரம் இறுகி நின்றால் நீரோட்டம் படகைக் கடலுக்குள் இழுத்துவிடும். ஓட்டலாமா, கூடாதா? அதை நான் சொல்ல வேண்டும்.

பாதத்தின் அடியிலிருந்த திருகாணியைக் கழற்றினேன். கிரீஸ் வரவில்லை. வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்து, அப்படியே நின்றது. தண்ணீர் புகுந்த கிரீஸ்தான் அப்படி வெளுக்கும்.

"தண்ணி கேறியிருக்கு முதலாளி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "லே மக்கா, அது தேங்கெண்ணெ! கிரீசு தீந்துபோச்சுன்னு நாந்தான் ஊத்துனேன். குளிருல ஒறஞ்சி கெடக்கு. கொப்பரைக்காரன்கிட்டயே வந்து எண்ணெயத் தண்ணிங்கியே!"

விரலில் தொட்டு மோந்தேன். அதே மணம். தலைக்கு, குழம்புக்கு, விளக்குக்கு என்று ஊரெல்லாம் ஊறிய எண்ணெய், இரும்பின் பாதத்துக்குள்ளும் போய் உறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் எண்ணெய் இருப்பதால் தண்ணீர் இல்லையென்று ஆகிவிடாதே.

வெயில் ஏறக் காத்திருந்தோம். உறைந்தது இளகி, நூலாய் ஒழுகி, நான் பிடித்திருந்த குப்பிக்குள் இறங்கியது. மேலே தெளிந்த எண்ணெய். அடியில், விரல் தடிமனுக்கு, நிறமில்லாமல் வேறொன்று.

"அது குப்பிக்க வளைவு" என்றார்.

குப்பியைச் சாய்த்தேன். எண்ணெய்க்கும் அதற்கும் நடுவிலிருந்த கோடு சாயாமல் மட்டமாகவே நின்றது. அவர் சிரிப்பு நின்றது.

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் பெரிய பாத்திரம் வேண்டும். கல்யாணப் பந்தலிலிருந்து நெய்ச்சோறு பொங்கும் அண்டா அளவுச் செம்பைத் தூக்கிவந்தார்கள். பின்னாலேயே சமையல்காரர் ஓடிவந்தார்.

"நாளைக்கு இதுல சோறு பொங்கணும்! மிசினையா குளிப்பாட்டுதிய?"

"மாப்பிளைக்கு முந்தி மிசினு குளிக்கட்டும், போவும்வோய்" என்றார் முதலாளி.

எண்ணெயைத் துடைத்து, அடித்திருகாணியை முடுக்கி, காலைச் செம்பில் நிரப்பிய நீருக்குள் இறக்கி, மேல்துளையில் சைக்கிள் பம்பை வைத்து அடித்தேன். நீர் அசையாமல் இருந்தது. பிறகு விசிறிக்குப் பின்னாலிருந்து குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். விசிறியைக் கழற்றினால் தண்டில் வலைநூல் இறுகச் சுற்றியிருந்தது. எந்தக் கிழிந்த வலையிலிருந்தோ அறுந்து வந்தது. தண்டைச் சுற்றிய அடைப்பை அது அரைத்துத் தின்றிருந்தது. பாதத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன். சக்கரப் பற்களில் துரு, இரண்டில் முனை உடைவு.

"அடைப்புக்குப் புது நூலு சுத்திக்கலாம். பல்லுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. நாளைக்கு இத ஓட்டாண்டாம்."

"ஊருக்கு முன்ன நாணங்கெடுவேனே மக்கா."

நான் உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துடுப்புக்காரர்களுக்கு ஆளனுப்பினார்.

மறுநாள் மாப்பிள்ளையை ஏற்றிவந்த படகில் நானும் இருந்தேன். முதலாளி மோட்டாரைப் பின்பலகையில் மாட்டி, காலை நீருக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் துடுப்புகள் நீரை வாரின.

"மிசினுன்னு சொன்னிய, சத்தங் கேக்கலியே?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"சத்தமில்லாத்த மிசினாக்கும்" என்றார் முதலாளி. மாமா மரியாதையாகத் தலையாட்டினார்.

பொழிக்கு நேரே வந்ததும் ஓட்டம் படகைப் பக்கவாட்டில் பிடித்தது. துடுப்புக்காரர்கள் முனகினார்கள். முதலாளி புதுச்சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, கிடந்த ஒரு துடுப்பைத் தானே எடுத்துக் குனிந்து வலித்தார். மாப்பிள்ளை செருப்பு நனையாமல் கரையில் இறங்கினார்.