அத்தானின் நிதானம்

அக்கா வெந்நீரை ஊற்றி ஊற்றி, விரல் நுனியால் மயிரை வகிர்ந்து, அத்தானின் தலையில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனைக்காக ஆஸ்பத்திரியில் தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டிய பசை அது. தோசை மாவு காய்ந்ததுபோல வெள்ளை வெள்ளையாக மயிரோடு கட்டிக்கொண்டிருந்தது. ஆரியசாலையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லில் அத்தான் குனிந்து உட்கார்ந்திருந்தார். "கண்ணு எரியுதா?" என்று அக்கா கேட்டாள். "இல்ல" என்றார். எழுந்தபோது இரண்டு கண்களும் சிவந்திருந்தன.

அப்போது எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஹாஸ்டலில் சேரப் போனவளை, "நம்ம வீடு இருக்கச்சில ஹாஸ்டல் என்னத்துக்கு?" என்று பெட்டியோடு திருப்பிக் கூட்டி வந்தவர் அத்தான். அக்காவின் கணவர். நாகர்கோவில்காரர். விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டும் வேலையில் கிரேன் ஓட்டினார். கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்ப வார்த்து வைத்திருக்கும் பெரிய கான்கிரீட் கட்டிகளைத் தூக்கி அடுக்கும் கிரேன். ஏணியில் ஏறிக் கேபினுக்குள் உட்கார்ந்துவிட்டால் காகமெல்லாம் நமக்குக் கீழேதான் பறக்கும் என்பார். அதிகம் பேசாத மனிதர் தன் வேலையைப் பற்றி மட்டும் அப்படி ஏதாவது சொல்லிவிட்டு, தானே கொஞ்சம் கூச்சப்படுவார்.

அந்தச் சோதனைக்குச் சில நாள் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் கத்தியைத் தள்ளிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது. நாக்கைக் கடித்து உதட்டோரம் ரத்தம் வந்திருந்தது. வெகுநேரம் கழித்து நினைவு தெளிந்ததும், "ரெண்டு பேரும் எதுக்கு அழுதிய?" என்று கேட்டார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இ.இ.ஜி.யில் இடது பக்கத்தில் மாற்றம் இருந்தது. டாக்டர் மலையாளி, நடுவயதுப் பெண்மணி. நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது, கொஞ்ச நேரம் ஓர்மை இல்லாம போயிட்டுண்டோ? பேசிட்டிருக்கும்போ நின்னு போறது, ஏதாவது மணம் வர்றது, அப்படி?" அத்தான் இல்லை என்று தலையாட்டினார். "அப்போ ஒரு தடவைதான். ஒரு தடவைதான்னா மருந்து இப்பவே தொடங்கலாம், இல்ல, காத்திருந்து பாக்கலாம். ஆனா டெஸ்ட்ல மாற்றம் உண்டு, அதனால திரும்ப வர சாத்தியம் கூடுதல். எப்படியானாலும் கொஞ்ச மாசத்துக்கு வண்டியும் வேண்டா, கிரேனும் வேண்டா. வீட்ல ஆலோசிச்சு அடுத்த வாரம் வாங்க. தீர்மானம் உங்களோடது."

அந்த அறையில் நானும் இருந்தேன். எனக்கு ஒன்று தெரியும். மூன்று மாதங்களுக்கு முன் ஒருநாள் எனக்கு எதிரே இட்லி தின்றுகொண்டிருந்த அத்தான், பிட்ட இட்லியோடு கை பாதியில் நிற்க, எங்கேயோ பார்த்தபடி உதட்டை மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. சில நொடிகள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தின்னத் தொடங்கினார். "எந்தக் கப்பல் போகுது அத்தான்?" என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். டாக்டர் கேட்டபோது அந்தக் காட்சி அப்படியே கண்முன் வந்தது. ஆனால் கிரேன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. அவர்மேல் உள்ள பாசத்தால்தான் பேசாமல் இருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்காவுக்கு மருந்து தொடங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தூக்கம் வரும், கோபம் வரும், வருடக்கணக்கில் விட முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையெல்லாம் கேட்டு அவளும் கலங்கிப்போயிருந்தாள். அத்தான் ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "மாத்திர தின்னா நான் நோயாளி. திங்கலன்னா ஒருக்கா மயங்கி விழுந்தவன். அவ்வளவுதான். நாலஞ்சு மாசம் கழிச்சு மேல ஏறிரலாம்." அக்கா அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அவர் குளிக்கப் போனால், குளியலறைக் கதவுக்கு வெளியே அக்கா ஏற்கெனவே காய்ந்த துணியை உதறி உதறி மறுபடியும் கொடியில் போட்டுக்கொண்டு நிற்பாள். அத்தான் பாடுகிற ஆள் இல்லை. அந்த வாரம் குளிக்கும்போது பாடினார். ராகமும் இல்லை, சொல்லும் பாதி இல்லை, ஆனால் விடாமல் பாடினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே தன் குரல் கேட்டால் வெளியே நிற்பவள் பயப்படமாட்டாள் என்பதற்காகத்தான் என்று எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் மட்டிப்பழச் சீப்போடு வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று, தூக்கு, இறக்கு என்று கையால் சிக்னல் காட்டுபவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அத்தானைவிடச் சில வயது இளையவர். அக்கா காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார்:

"அண்ணாச்சி மேல இருந்தா எங்களுக்குப் பயமே கெடையாதுக்கா. போன மாசம் ஒரு நாளு, கட்டிய எறக்குங்கன்னு கை காட்டுதேன். எறக்கல. ரெண்டாவது தடவையும் காட்டுதேன், எறக்கல. எனக்கு எரிச்சலா வருது. பொறவு திரும்பிப் பாத்தா, கட்டி எறங்குத எடத்துல நம்மாளு ஒருத்தன் குனிஞ்சி பேண்ட்ட மடிச்சிக்கிட்டு நிக்கான். நான் பாக்கல. அண்ணாச்சி மேல இருந்து பாத்து நிறுத்தி வச்சிருக்காரு. அந்த நிதானம் வேற யாருக்கு வரும் சொல்லுங்க?"

அத்தான், "காப்பி ஆறுது, குடி" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று இட்லியோடு நின்ற கை என் நினைவுக்கு வந்தது.

வந்தவர் போனபின் அத்தான் நாற்காலியைவிட்டு எழவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தான், அன்னைக்கு இட்லி தின்னும்போது நான் பாத்தேன்" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "வெளிய தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டிக்குக் கீழ குனிஞ்சி நின்னவன நான் பாக்கவே இல்ல குட்டி. கரிஞ்ச வாடை ஒண்ணு வந்துது. அப்புறம் முழிச்ச மாதிரி இருந்துது. கை லிவர்லதான் இருக்கு, கட்டி அந்தரத்துல நிக்கு, கீழ இவன் கை காட்டிட்டு நிக்கான். யாரையும் பாத்து நான் நிறுத்தல்ல." விரல்களை மடக்கினார். "கை ஒரு விரக்கட முன்னால போயிருந்தா?"

அக்கா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "எத்தன தடவ?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு. நாலு இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ மேல ஏற விடமாட்டே."

அக்கா வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வலதுகையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். நான் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டேன்.

டாக்டரிடம் அத்தானே சொன்னார். கரிந்த வாடை, காணாமல் போன நொடிகள், அந்தரத்தில் நின்ற கட்டி, ஒன்றையும் விடவில்லை. இட்லி தின்றபோது நடந்ததை என்னைச் சொல்லச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "பறஞ்சது நன்னாயி. அப்போ இது முதல் தடவை இல்ல. இனி காத்திருக்கிறதுல அர்த்தம் இல்ல, மருந்து தொடங்கலாம்" என்றார். "கிரேன்?" என்று அத்தான் கேட்டார். டாக்டர் தலையை மெல்ல அசைத்தார். அத்தான் குனிந்துகொண்டார். அவர் மறுபடி நிமிரும்வரை டாக்டர் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தினிக்கூண்டு. இதுக்கா ஒரு வாரம்?" என்று விழுங்கினார். முதல் சில வாரங்கள் சுலபமாக இல்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். குரலை உயர்த்தாதவர் காப்பியில் சர்க்கரை குறைந்ததற்குச் சத்தம் போட்டார், பிறகு அக்காவின் பின்னாலேயே சுற்றிவந்தார். அந்த வருடம் ஒருமுறை மறுபடி அந்த வாடை வந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். பிறகு வரவில்லை. கம்பெனியில் அவருக்குத் தரையில் வேலை கொடுத்தார்கள். பாரம் தூக்கும் இரும்பு வடங்களைத் தினமும் சோதித்துப் பார்க்கும் வேலை.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது, விழிஞ்ஞத்துக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அதுவரை நான்தான் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். படகுகள் நிற்கும் துறைக்குப் பக்கத்துச் சுவரில் சிக்னல்காரர் காத்திருந்தார். அத்தான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு நான் பாத்து நிறுத்தல்லப்பா. எனக்கு அப்ப ஓர்மையே இல்ல. அதுவா நின்னுது, அவனும் தப்பிச்சான்" என்றார்.

அந்த மனிதர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தேன். கடைசியில் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு மாத்திர போட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"போட்டாச்சு" என்றார் அத்தான்.

இப்போது நான் கழக்கூட்டத்திலேயே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். சிக்னல்காரர் ஊருக்குத் திரும்பி, அங்கே வேறு வேலை பார்க்கிறார். ஆபீசுக்குக் கிளம்புமுன், காலை எட்டு மணிக்கு, அத்தான் காலை மாத்திரை போடும் நேரத்தில், சில நாள் அவரைக் கூப்பிடுவேன். அந்த நேரத்தில் அவர் வேறொரு அழைப்பில் இருப்பதாகவே போன் சொல்லும். ஒரு நிமிடம்தான். பிறகு அவரே கூப்பிடுவார்.