பேச்சாயியைப் புரட்டுங்கள்

காலையில் கண் விழித்ததும் டோரிஸ் சிலுவை போட்டுக்கொள்வாள். அடுத்தபடியாகக் கைப்பேசியை எடுத்து, தங்கவேலு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். தங்கவேலு அவளுக்குச் சொந்தமும் இல்லை, அண்டை வீடும் இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் தினமும் நான்கு கட்டங்களில் வருகிற 'தாமான் தங்கவேலு' என்ற சித்திரத் தொடரின் லாரி ஓட்டுநர். அவன், அவன் பெண்டாட்டி, அவனைப் பெற்ற பேச்சாயி ஆகிய மூவரும் ஒரு தாமானில், அதாவது புறநகர்க் குடியிருப்பில், வரிசை வீட்டில் முட்டிமோதிக்கொண்டு வாழ்வதுதான் கதை. வரைகிறவர் பெயர் தீபன். கடைசிக் கட்டத்தின் மூலையில் எறும்பு அளவில் கையெழுத்து இருக்கும்.

டோரிஸ் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் எனப்படும் மருத்துவ உதவியாளருக்குக் கீழே ஆயாவாக இருந்தாள். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டதும் ஆஸ்பத்திரி மூடிக்கொண்டது. ஈப்போவுக்கு வந்து முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தாள். அவர்களே பராமரிப்புப் படிப்புக்கு அனுப்பினார்கள். அந்தச் சான்றிதழ் புந்தோங் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கோலின் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். டோரிஸ் வேலையை விட்டாளே தவிர, வேலை அவளை விடவில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் குதிகாலைப் பார்ப்பாள், பிறகுதான் முகம். மாதா கோயில் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுப்பவர்களுக்கு அவள் விரல் மணிக்கட்டுவரை போய் நாடி பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

தங்கவேலுவுக்கு முகநூலில் ஒரு ரசிகர் குழு உண்டு. பெயர் 'தங்கவேலு தாமான்வாசிகள்.' அதன் தலைவர் இளையதம்பி, நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பத்திரிகையைக் கத்தரித்து, ஆல்பத்தில் ஒட்டி, படம் பிடித்துக் குழுவில் போடுவார். அரசியல் கூடாது, மதச் சண்டை கூடாது, பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லக் கூடாது என்று விதிகள் வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான பேர் அதற்கு அடங்கி நடந்தார்கள் என்றால் தீபனின் கைவண்ணத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒருநாள் பேச்சாயி குளியலறையில் வழுக்கி விழுந்து படுக்கையாகிவிட்டாள். குழுவே துக்க வீடானது. லூமுட்டிலிருந்து பிச்சைமுத்து என்பவர் கோயிலுக்குப் போய் அவள் பேரில் அர்ச்சனை செய்யப் பார்த்தார். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியவில்லை. சுவாமி பேருக்கே செய்துவிட்டு வந்தார். கோலா கங்சாரிலிருந்து ஒரு பெண்மணி எலும்பு சூப்புக்குப் பக்குவம் எழுதினாள்.

டோரிஸ் மட்டும் பேச்சாயி எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறாள் என்று பார்த்தாள்.

வலது பக்கம். மறுநாளும் வலது பக்கம். வாரம் திரும்பியது, பேச்சாயி திரும்பவில்லை. டோரிஸ் எழுதினாள்: "பேச்சாயி அக்கா ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பில் புண் வரும்."

முதலில் பதில் சொன்னவர் பிச்சைமுத்து. "அக்கா, அது பேப்பர் லா. பேப்பரத் திருப்புனா அந்தம்மாவும் திரும்பிடுவாங்க."

"பேப்பர வாங்கித் திருப்பிப் பாத்தேன் தம்பி. பின்னால மரண அறிவிப்புத்தான் இருக்கு" என்று எழுதினாள் டோரிஸ்.

அதிலிருந்து தினமும் காலையில், மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள், "இன்றும் புரட்டவில்லை" என்று ஒரு வரி வந்து விழும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் தங்கவேலு பக்கத்து வீட்டு டுரியானைத் தின்ற அன்று குழு உருண்டு புரண்டு சிரித்தது. டோரிஸ், "எல்லாரும் புரள்கிறீர்கள், பேச்சாயி அக்கா மட்டும் அப்படியே இருக்கிறார்" என்று எழுதினாள். சிலருக்கு எரிச்சல். சிலர் அவள் பக்கம் சேர்ந்து, 'பேச்சாயியைப் புரட்டுங்கள்' என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். அவளுக்குப் 'புரட்டு டோரிஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இளையதம்பி எழுதினார்: "இது நகைச்சுவைக் குழு, மருத்துவக் குழு அன்று என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன்." தீபன் வாயே திறக்கவில்லை.

பிறகுதான் அந்த மோட்டார் டியூப் வந்தது.

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்து டியூபைக் கழற்றி, காற்றடித்து, அம்மாவின் இடுப்புக்கு அடியில் தங்கவேலு வைக்கிறான். கடைசிக் கட்டத்தில் அவன் பெண்டாட்டி காய்கறி வாங்கப் பாசாருக்குப் புறப்பட்டு வந்து, ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும் வண்டியை வெறித்துப் பார்க்கிறாள். குழுவில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை எழுந்ததில்லை. டோரிஸ் சிரிக்கவில்லை. காப்பியைக் கீழே வைத்தாள். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் செய்த வைத்தியம் அது. நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்தம் ஓடாமல் செய்துவிடும் என்று பிறகுதான் படிப்பில் சொன்னார்கள். டியூப் வைக்கும் யோசனை யாருக்கும் சும்மா வராது. இடுப்பு சிவந்த பிறகுதான் வரும். அதே கட்டத்தில் பேச்சாயியின் தலையணை ஓரமாக இன்னொன்றும் இருந்தது: குழாயோடு ஒரு மூத்திரப் பை.

அவள் இளையதம்பியைக் கூப்பிட்டாள்.

"சார், தீபன் வீடு எங்க இருக்கு?"

"குழு விதிப்படி அதச் சொல்லக் கூடாது, டோரிஸ் அம்மா."

"விதிய எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே அழிச்சிடுங்க லா. அந்த வீட்டுல நெசமாவே ஒரு அம்மா படுத்துக் கெடக்குது."

மறுமுனையில் பெருமூச்சு. "இது கற்பனைக் கதை அம்மா."

"தலையணைகிட்ட மூத்திரப் பை பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சிரிப்பு வந்துச்சா?"

இளையதம்பி யோசித்தார். "வரல."

"சிரிப்பு வராதத அவரு எதுக்கு வரையணும்? கண்ணுக்கு முன்னால இருக்கு, கை தானா வரைஞ்சிடுச்சி. அந்தப் பை கட்டிலுக்குக் கீழ தொங்கணும் சார். மேல வச்சா மூத்திரம் திரும்பி உள்ள போவும். காய்ச்சல் வரும். இடுப்புல தோல் கிழிஞ்சிடுச்சின்னா அப்புறம் சாமியே வந்தாலும் சூசாதான், ஆத்துறது கஷ்டம்."

தீபாவளிக்குக் குழுவின் சார்பில் முறுக்கு அனுப்பியதில் முகவரி இளையதம்பியிடம் இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க சொல்றது தப்பா இருந்தா, நீங்களே குழுவ விட்டு வெலகிக்கணும்."

"சரி. நெசமா இருந்தா நீங்க ஒரு பக்கம் புடிச்சித் தூக்கணும்."

மறுநாள் காலை அவரே காரோட்டி வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து, பின் இருக்கையில் கையெழுத்து வாங்குவதற்காக ஆல்பம். சுங்கை சிப்புட் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் மண்பாதையில் போய், பழைய தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் நிறுத்தினார். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதற்கு முன்சக்கரம் இல்லை.

"சார், இறங்குங்க" என்றாள் டோரிஸ்.

கதவைத் திறந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில். இளையதம்பி தொண்டையைச் செருமி, "வணக்கம், நாங்க தாமான்வாசிகள் குழுவிலேருந்து" என்று தொடங்குவதற்குள், "நான் டோரிஸ்" என்றாள் அவள்.

தீபன் ஓரடி பின்வாங்கினான். "புரட்டு டோரிஸ் ஆண்ட்டியா?"

உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது. "யாருடா? அந்த வாய் ஓயாத பொம்பளையா?"

முன்கூடத்தில் கட்டில் கிடந்தது. அதில் வலது பக்கமாக, வாசலைப் பார்த்தபடி, தீபனின் தாய் வீரம்மா படுத்திருந்தாள். குழுவின் கருத்துகளைத் தினமும் மகன் அவளுக்குப் படித்துக் காட்டுவானாம். டோரிஸின் வரி வரும்போதெல்லாம், 'புரள மாட்டேன், என்னா செய்வா' என்று இன்னும் அழுத்திப் படுத்துக்கொள்வாளாம்.

"கிளினிக்குல சொல்லித்தான் குடுத்தாங்க ஆண்ட்டி" என்றான் தீபன். "மொதல்ல ஒழுங்காத்தான் புரட்டுனேன். புரட்டுனா கத்துது. நான் அடிக்கிறேன்னு நெனச்சி பக்கத்து வீட்டு ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. நான்தான் தனியா அம்மாவப் பாத்து ஜாகா பண்றேன், என்னா செய்ய முடியும்?"

"ஏன்க்கா கத்துறீங்க?" என்று டோரிஸ் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"செவுத்தப் பாத்துப் படுக்க நான் என்னா பல்லியா?" என்றாள் வீரம்மா. "இங்கேருந்து பாத்தா வீதி பூரா தெரியும். யாரு வாரா, யாரு போறா, மாயாண்டி மருமவ யாரு மோட்டார்ல வந்து எறங்குறா, எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பினா எனக்கு என்னா இருக்கு, சுண்ணாம்பு?"

டோரிஸ் பேச்சை வளர்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, முதலில் பையைக் கட்டிலின் சட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டாள். டியூபை உருவி இளையதம்பியிடம் நீட்டினாள். அவர் அதைக் கோயில் மாலை மாதிரி இரு கைகளிலும் வாங்கிக்கொண்டார். சேலையை விலக்கி இடுப்பெலும்பின் மேல் பார்த்தாள். வெற்றிலை அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். சிவப்பு வெளுக்கவில்லை; உள்ளே ரத்த ஓட்டம் கெடத் தொடங்கிவிட்டது. ஆனால் தோல் இன்னும் கிழியவில்லை.

"அக்கா, நான் பூசி மெழுகமாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே படுத்திருந்தீங்கன்னா இங்க ஓட்டை விழும். எலும்பு தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். அங்கேருந்து பாத்தா மாயாண்டி வீடு தெரியாது."

வீரம்மா தலையைத் தூக்கி மாயாண்டி வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கட்டிலையே திருப்பிப் போட்டா என்னா?" என்றார் இளையதம்பி. "தலைமாட்டை அந்தக் கோடிக்கு மாத்திட்டா, இடது பக்கம் படுத்தாலும் வாசல் தெரியுமே."

டோரிஸுக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தக் கோடி வடக்கு. வடக்க தலைய வச்சிப் படுக்கச் சொல்றீங்க. ஏன், இன்னிக்கே அனுப்பி வச்சிட்டுப் போவலாம்னு வந்தீங்களா?"

இளையதம்பி நாக்கைக் கடித்துக்கொண்டார். "எனக்கு எந்தத் திசையும் ஒண்ணுதான்க்கா" என்றாள் டோரிஸ். "வேதக்காரிக்கு ஒண்ணா இருக்கும். எனக்கு இல்ல" என்றாள் வீரம்மா.

டோரிஸ் சுவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு உள்ளறையை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய அலமாரி, கதவில் ஆளுயரக் கண்ணாடி.

"தீபன், அந்தக் கதவைக் கழட்டு. சார், நீங்க ஒரு பக்கம் புடிக்கிறேன்னு சொன்னீங்க."

முழுக்கைச் சட்டை நனைய நனைய இளையதம்பி தூக்கினார். கண்ணாடியைச் சுவரோரம் படுக்கைவசமாக நிறுத்தி, அடியில் செங்கல் கொடுத்து, மேலே கயிற்றால் ஆணியில் கட்டினார்கள். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை என்று தீபனுக்குக் காட்டிக் கொடுத்து, டோரிஸ் வீரம்மாவைப் புரட்டினாள். முதுகுக்குப் பின்னாலும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்த வீரம்மா, கண்ணாடியைப் பார்த்து நிறுத்தினாள்.

"இந்தக் கெழவி யாரு?"

"நீங்கதான்க்கா."

"இவ்வளவு மோசமாவா போயிட்டேன்? டேய், சீப்ப எடு." தலையைச் சீவி முடித்த பிறகு, "வீதி தெரியல" என்றாள்.

கண்ணாடியை இன்னும் சாய்க்க வேண்டியிருந்தது. சோதித்துப் பார்க்க வீதியில் ஆள் நடக்க வேண்டும். இளையதம்பியை வெளியே அனுப்பினார்கள். ஆல்பத்தைக் காரில் விட மனமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் போனார், வந்தார். தீபன் கயிற்றைத் தளர்த்தினான், இறுக்கினான். அண்டை வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. வெயில் அவர் தலையில் விழுந்து பளிச்சென்று கண்ணாடியில் தெறித்தது.

"தெரியுது, தெரியுது" என்றாள் வீரம்மா. "யாரு அந்தச் சொட்டத் தலை? வீட்டுக்கு வீடு சாமான் விக்கிறவனா?"

"அவருதாம்மா தாமான் தலைவர்" என்றான் தீபன்.

"அப்படியா. இன்னொரு தடவ போய்ட்டு வரச் சொல்லு."

அதற்குப் பிறகு டோரிஸ் வாரம் ஒரு தரம் போய்ப் பார்த்தாள். இளையதம்பி தான் ஓட்டுவதாகத் தானே முன்வந்தார். வீதியில் இரண்டு நடை போய்வந்தால்தான் வீரம்மா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்வாள். வெற்றிலை அளவுச் சிவப்பு வேப்பிலை அளவானது. ஒருநாள் டோரிஸ் அழுத்தி எடுத்தபோது தோல் வெளுத்து, உடனே பழைய நிறத்துக்குத் திரும்பியது. "ஆச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் பத்திரிகையில் பேச்சாயி இடது பக்கம் திரும்பியிருந்தாள். சுவரில் கண்ணாடி, கண்ணாடிக்குள் வீதி, வீதியில் கக்கத்தில் ஆல்பத்தோடு ஒரு மொட்டைத் தலை. குழு கொண்டாடித் தீர்த்தது. பிச்சைமுத்து மறுபடியும் கோயிலுக்குப் போய், இந்த முறை நட்சத்திரத்தை அவராகவே ரோகிணி என்று முடிவு செய்து அர்ச்சனை செய்தார். இளையதம்பி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, தன் தலை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்று ஒரு விளக்கமும் எழுதினார்.

மூன்றாம் கட்டத்தில் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். குட்டையான, தோளில் கைப்பை மாட்டிய கிழவி. பேச்சாயியின் ஒரு கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். டோரிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்:

"மூன்றாம் கட்டம் தவறு. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள் கழன்றுவிடும். நாளை சரியாக வரையவும்."