இடது பக்க ஸ்பீக்கர்

பட்டறையில் அவருக்குப் பாம்புக்காது என்று பேர். இருபது வருஷத்துப் பழைய வேனோ, துருப்பிடித்த ஜீப்போ, எது வந்தாலும் முதலில் வேறு யாரையாவது ஓட்டச் சொல்வார். பின்னால் வெறும் தகரத்தில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். எந்தத் திருகு ஆடுகிறது, எந்தக் கதவு முனகுகிறது என்று படுத்தபடியே புட்டுப்புட்டு வைப்பார். பிறகு கதவுகளைப் பிரித்து, சத்தத்தை விழுங்குகிற கறுப்புத் தாளை உள்ளே ஒட்டி, நல்ல ஸ்பீக்கர் வைப்பார். பாலைவனத்தில் போய்த் தங்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திக் கொடுப்பார்.

ஊரார் வண்டியெல்லாம் மணலைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. அவருடைய சொந்த வேன் மட்டும் ஒன்பது வருஷமாகப் பட்டறை மூலையில் நின்றது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாங்கினார். ஆனால் கிளம்பும் நேரத்தில் எங்கேயாவது ஒரு சத்தம் மிச்சமிருக்கும். "இதை மட்டும் சரி பண்ணிட்டுப் போயிடலாம்" என்பார். அந்த அம்மாவும் கட்டிய பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்குவார். பொறுமைக்கும் ஒரு அளவில்லையா? இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை கிளம்புறோம். இல்லேன்னா நான் பஸ் ஏறிப் போயிடுவேன்."

வியாழக்கிழமை கடைசிச் சோதனை. மனைவியை வண்டிக்குள் நட்டநடுவில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார்.

"ரெண்டு பக்கமும் சமமா கேக்குதா?"

"வலது பக்கம்தான் கேக்குது."

சொல்லிவிட்டு அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த மனுஷர் அதை எங்கே கவனித்தார்! அதற்குள் இடது கதவைப் பிரித்தாயிற்று. ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரையே மாற்றினார். அவர் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதனாலேயே குழம்பினார். சத்தம் சீட்டு மெத்தையில் மாட்டிக்கொள்கிறதோ என்று மெத்தையையும் உருவினார். "இப்ப நல்லா கேக்குது. கிளம்புற வழியைப் பாருங்க" என்று மனைவி எழுந்துவிட்டார்.

மறுநாள் கிளம்பியேவிட்டார்கள். வலது சீட்டில் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடது சீட்டில் அந்த அம்மா. வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும். வீடுகள் குறைந்தன, மரங்கள் குறைந்தன, கடைசியில் ரோடே மணலுக்குள் கரைந்துபோனது. வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாதபடி ஒரு அமைதி. அரைத்தூக்கத்தில் வருகிற கனவு மாதிரி இருந்தது இருவருக்கும்.

வெயில் மஞ்சளாக இறங்கும்போது நிறுத்தினார். பின்கதவைத் திறந்து, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். இவர் மனைவிக்கு இடது பக்கம். காற்று மணலை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தது. மேடுகள் மூச்சு விடுவது போலத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒன்று அவர் வாயில் தானாக வந்தது.

"ஒன்பது வருஷம் உன்னைக் காக்க வெச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

பதில் இல்லை. இன்னும் கோபம்போல என்று நினைத்து மறுபடி சொன்னார். அந்த அம்மா மணலைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார். பாம்புக்காதுக்கு முந்தின நாள் இடது ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. மனைவியின் இடது காதருகே மெல்ல விரலைச் சொடுக்கினார். அந்த அம்மா திரும்பவே இல்லை. இவர் எழுந்து சுற்றிப்போய் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமாச்சு" என்றார் அந்த அம்மா சாதாரணமாக. "தங்கச்சியோட போய் டாக்டரைப் பார்த்துட்டேன். அந்தக் காது போனது போனதுதானாம்."

"அடிப்பாவி, என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, இதையும் சரி பண்ணிட்டுப் போயிடலாம்னு சொல்லுவீங்க."

ஊரிலுள்ள ஓட்டை வண்டிகளுக்கெல்லாம் காதைக் கொடுத்தவர், ரெண்டு மாசமாகப் பக்கத்தில் படுத்திருந்தவளைக் கேட்கவில்லை. குழந்தை மாதிரி அழுதார்.

அழுது முடிக்கும்வரை அந்த அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னீங்களே, என்னது?"

இப்போது சொல்வது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. வலது காதோடு வாயை வைத்து, முழுசாகச் சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஐயோ, இந்தப் பக்கமும் கேக்கலையா?"

"நல்லாவே கேட்டுச்சு" என்றார் அந்த அம்மா. "சொல்லுங்க."