மாஸ்கைக் கழற்றிவைத்துவிட்டு நான் சொன்ன சாட்சி

அன்பான சகோதரங்களே, உங்கள் முன் நான் வைக்கும் இரண்டாவது சாட்சி இது, இந்த முறை எழுத்தில். முதலாவதை 2006ஆம் ஆண்டு மார்கழியில் நம் செபக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பலர் கைதட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அது உண்மையில்லை.

அந்த வருடம் எனக்கு இருபத்தாறு வயது. இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தின் புவாண்ட்-கிளேர் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. பகலில் கணினிக்கு முன்னாலேயே தூங்கி விழுவேன். பேருந்தில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விடும். "குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கேக்க திடீரெண்டு சத்தமே இல்லாமப் போகுது. நான் வந்து உன்ர நெஞ்சில கை வைச்சுப் பாக்கிறனான்" என்று அம்மா சொன்னார். கிளினிக்கில் பரிசோதித்துப் பார்த்தார்கள். நித்திரையில் என் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகிறதாம். காற்றை அழுத்தி அனுப்பும் ஒரு மெஷினையும், மூக்கை மூடும் மாஸ்கையும் தந்தார்கள்.

முதல் நாளே தோற்றுப்போனேன். பட்டியை இறுக்கிச் சுவிட்சைப் போட்டதும் காற்று வந்து மோதியது. உள்ளே இழுத்த மூச்சை வெளியே விட முடியாது போல் இருந்தது. பிய்த்து எறிந்தேன். அடுத்த நாளும் அதே. மூக்குத் தண்டில் சிவந்த தழும்பு. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கட்டிலைக் கண்டாலே பயம் பிடித்தது. மூன்றாவது கிழமை மெஷினை அலமாரிக்குள் தள்ளி, அதன்மேல் போர்வைகளை அடுக்கிவைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மன்னார்க் கரையில் மீன்பிடித்த எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். கோயில் சனத்துக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், ஆஸ்பத்திரிக்குப் போய் பிரெஞ்சில் கதைத்துக் கொடுப்பதும் நான்தான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு ரப்பர்த் துண்டை மூக்கில் வைத்திருக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

மார்கழிக் கூட்டம் நடந்தபோது எனக்கு ஒரு கிழமை லீவு. நேரம் கழித்து எழும்பியதால் உடம்பு கொஞ்சம் இலேசாக இருந்தது. "மெஷின் எப்பிடித் தம்பி, பழகிட்டுதோ?" என்று யாரோ கேட்டார்கள். "இப்ப அது எனக்குத் தேவையில்லை. ஆண்டவர் சுகமாக்கிட்டார்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே என்னை முன்னுக்குக் கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல நானே அதை நம்ப விரும்பினேன்.

முன்வரிசையில் மரியதாஸ் அண்ணை இருந்தார். லாசால் பகுதியில் ஒரு பேக்கரிக்கு வான் ஓட்டி, கடைகளுக்குப் பாண் இறக்கிக் கொடுப்பவர். அவருக்கும் இதே வருத்தம், இதே மெஷின். புறுபுறுத்துக்கொண்டாவது ஒரு வருடமாக ஒழுங்காகப் போட்டுவந்தார். மூக்கிலிருந்து குழாய் தொங்குவதால் அதற்குத் 'தும்பிக்கை' என்று பேரும் வைத்திருந்தார். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, மெய்யாவோ? எனக்கும் அந்தத் தும்பிக்கையைக் கழட்டி எறிய ஆசைதான். ஆனா பயமாக் கிடக்கு."

"நம்புங்கோ அண்ணை" என்றேன்.

இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இன்றுவரை அழுகிறேன். "படிச்ச பிள்ளை சொன்னா அதில விசயம் இருக்கும்" என்று வீட்டில் சொல்லி, அன்றே மெஷினைப் பெட்டியில் போட்டாராம். எனக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை.

2007 மாசியில் ஒரு காலை, அவருடைய மனைவி பிலோமினா அக்கா என் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணை வான் ஓட்டிக்கொண்டே தூங்கி, நெடுஞ்சாலை ஓரத் தடுப்பில் மோதிவிட்டார். வேறு யாருக்கும் அடிபடவில்லை. அவருடைய தொடை எலும்பு முறிந்துவிட்டது. "பிரெஞ்சில கேள்வி கேக்கினம், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கெதியா வாங்கோ தம்பி."

போனேன். சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர், கையில் ஒரு தாளோடு நின்றார். சீனி வருத்தம் உண்டா, இருதய வருத்தம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தமிழில் கேட்டு, அக்காவின் பதிலைப் பிரெஞ்சில் சொன்னேன். பிறகு டொக்டர் கேட்டார்: "நித்திரையில் மூச்சு நிற்கும் நோய் இருக்கிறதா?"

அக்காவிடம் கேட்டேன்.

"இருந்தது. இப்ப இல்லையெண்டு சொல்லுங்கோ தம்பி. உங்களுக்கு மாறின மாதிரித்தான், இவரும் இப்ப மெஷின் போடுறேல்லை."

டொக்டர் பேனையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது என் பொய்யை. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் மானம் தப்பும். ஆனால் மயக்கத்தில் அண்ணையின் மூச்சு நின்றால்? அந்த இடத்தில் நான் செய்த செபம் ஒரே வரிதான். 'ஆண்டவரே, இவரைச் சாகவிடாதேயும், என் வாயைத் திறந்தருளும்.'

வாய் திறந்தது. "இருக்கிறது. என்னால்தான் மெஷினை நிறுத்தினார்" என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு வேகமாக உள்ளே போனார். பிறகு அக்காவிடம் தமிழில் சொன்னேன்: "அக்கா, எனக்குச் சுகமாகேல்லை. என்ர மெஷின் அலமாரிக்குள்ள கிடக்கு."

"அப்ப நீ அண்டைக்குச் சொன்னது பொய்யே?"

'நீங்கள்' போய் 'நீ' வந்தது. நான் தலையாட்டினேன். "எனக்குப் பக்கத்தில இருந்து செபிக்காதை. அங்கால போ" என்றார். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு செபித்தேன். அவ்வளவு நீளமான ஐந்து மணித்தியாலம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

டொக்டர் திரும்பி வந்து, மயக்கம் தெளியும்போது இரண்டு தடவை மூச்சு நின்றது, தெரிந்திருந்தபடியால் மாஸ்கோடு ஆயத்தமாக நின்றோம் என்றார். அண்ணை பிழைத்தார். என் செபத்துக்குக் கிடைத்த பதில் அது. தகுதியில்லாதவனுக்குக் கிடைத்த பதில்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, அண்ணையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலில் கட்டுப்போட்ட காலைக் காட்டினார்.

"எனக்குச் சரியான கோவம்தான். ஆனா இந்தக் காலை வைச்சுக்கொண்டு உன்னைத் துரத்தேலாது. நான் வீட்டை வந்தாப்பிறகு, சனிக்கிழமையில உன்ர மெஷினைத் தூக்கிக்கொண்டு வா. ரெண்டு பேரும் போடுவம்."

அதற்கு முன் கிளினிக்குக்குப் போய், "என்னால் முடியவில்லை" என்று முதன்முதலாகச் சொன்னேன். அங்கிருந்த பெண் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. இதைவிடச் சிறிய மாஸ்க் ஒன்று தந்தார். காற்றை மெல்ல மெல்லக் கூட்டும் பொத்தானைக் காட்டினார். படுக்கையில் தொடங்கவேண்டாம், பகலில் விழித்திருக்கும்போது, பட்டி கட்டாமல் கையால் பிடித்துப் பழகுங்கள், தினமும் கொஞ்ச நேரம் கூட்டுங்கள் என்றார். இவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன்னமே கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அண்ணையின் வரவேற்பறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். மணிக்கூட்டைப் பார்த்தால் பதற்றம் கூடும் என்பதால், செபமாலையால் அளந்தோம். முதல் நாள் செபமாலையின் பத்து மணிகள் மட்டும். வாயைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வெளியே போகும். அதனால் செபத்தைத் தொடங்குபவர், பதில் சொல்பவர் என்ற இரண்டு பகுதியையும் பிலோமினா அக்காதான் சத்தமாகச் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். ஆனாலும் சொன்னார்.

"ஆறுதலாச் சொல்லப்பா, நாங்கள் மூச்சும் விடவேணும்" என்பார் அண்ணை.

"வாயை மூடுங்கோ, காத்துப் போகுது!"

அவர்களுடைய மகள் எட்டிப்பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடுவாள். எனக்கு நெஞ்சு அடைத்து, மாஸ்கை இழுக்கப் போகும்போது, அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். செபமாலையில் இன்னும் மூன்று மணி, இன்னும் இரண்டு என்று விரல் காட்டுவார். கூட்டங்களில் அவ்வளவு கதைத்த நான், வாயை மூடிக்கொண்டு செபிக்க அங்கேதான் பழகினேன். வைகாசியில் ஒருநாள் செபமாலையின் நான்காம் தேவரகசியத்தில், முடிய இன்னும் ஒரு பகுதி இருக்க, கதிரையிலேயே தூங்கிவிட்டேன், மாஸ்கோடு. அக்கா எழுப்பவில்லை. நிறுத்தாமல் மெல்லிய குரலில் முடித்தாராம்.

இப்போது இருவரும் ஒவ்வொரு நாளும் போடுகிறோம். சில நாள் இன்னும் பயம் வரும். கழற்றி, எழுந்து தண்ணீர் குடித்து, திரும்பவும் போடுவேன். அண்ணைக்கு ஓட்டுநர் அனுமதி திரும்பக் கிடைத்தது. ஆனால் பாண் பெட்டி தூக்கும் வேலை போய்விட்டது. தடி ஊன்றித்தான் நடக்கிறார். அக்கா என்னை மன்னித்துவிட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இதை உங்களிடம் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். பேரைச் சொல்லாமல் எழுதவா என்று அண்ணையிடம் கேட்டேன். "என்ர பேரைப் போடு. அப்பத்தான் சனம் நம்பும்" என்றார்.

என் முதல் சாட்சியைக் கேட்டு யாராவது மெஷினையோ மருந்தையோ நிறுத்தியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே வெளியே எடுங்கள். பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து பக்கத்தில் இருக்கிறேன். ஆண்டவரை நம்புங்கள். எவ்வளவு நம்பலாம் என்றால், அவரிடமும் அவருடைய சனத்திடமும் "என்னால் முடியவில்லை" என்று வெட்கமில்லாமல் சொல்லும் அளவுக்கு. அந்த மார்கழியில் நான் அதைச் சொல்லியிருந்தால், மரியதாஸ் அண்ணை இன்று தடி ஊன்றாமல் நடந்து நற்கருணை வாங்கப் போயிருப்பார்.